ஜக்லருக்குப் பெண் கொடுக்கலாமா?

அகராதிக்காரருக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் முகம் சுளிக்க மாட்டார், புத்தகத்தைப் பிரிப்பார். முப்பது வருடம் அகராதிக்குப் பிழை திருத்திய கை. பெண் கேட்டு வந்த பையன் சோபா நுனியில் உட்கார்ந்து, "ஜக்லர் சார். பந்தை மாத்தி மாத்தி எறிஞ்சு பிடிக்கிற தொழில்" என்றதும் அந்தக் கை தானாக அலமாரிக்குப் போயிற்று.

எதிர்வீட்டு ஜன்னல்களும் திறந்துகொண்டன. காற்றுக்காகத்தான்.

"லத்தீன்ல இதோட மூலம், வேடிக்கை பேசிச் சிரிக்கவைக்கிறவன். எங்கே தம்பி, ஒரு ஜோக் சொல்லுங்க."

"ஜோக் வராது சார்."

முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அப்புறம் கண்கட்டு வித்தைக்காரன், பித்தலாட்டக்காரன்னு ஆயிடுச்சு. பந்து எறியறவன்கிறதெல்லாம் நேத்து வந்தது."

"நேத்துன்னா?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

"நூறு, நூத்தம்பது வருஷம்."

"அது போதாதா உங்களுக்கு?"

போதாது. முதல் அர்த்தம் இவனிடம் இல்லை. மூன்றாவது இன்னும் ஊறவில்லை. நடுவில் இருக்கிறவனுக்கா ஒற்றைப் பெண்ணைக் கொடுப்பது? போதாததற்குப் பையன் பேசும்போது கண்ணைப் பார்க்காமல், தலைக்கு ஒரு முழம் மேலே பார்த்தான். பந்து திரும்புகிற உச்சியையே பார்த்துப் பழகிய கண். அகராதியில் அதெல்லாம் போட்டிருக்காது.

"செஞ்சு காட்டச் சொல்லுங்கப்பா" என்றாள் மகள்.

பந்து கொண்டுவரவில்லை. குடித்து வைத்த டீக் கோப்பைகளில் மூன்றை எடுத்தான். ஏறின, இறங்கின. அகராதிக்காரர் பூனை மாதிரி பின்னால் போய், எதையாவது ஒளித்திருக்கிறானா என்று அவன் சட்டைக் கையைத் தடவிப் பார்த்தார். தொட்டதுதான் தாமதம், மூன்றாவது கோப்பை தரையில் சுக்கல் சுக்கலானது.

எதிர்வீட்டு ஜன்னல்களில் இன்னும் இரண்டு தலைகள் முளைத்தன.

"விழுந்துடுச்சு சார்" என்றான் பையன். நீங்கள் தொட்டதால்தான் என்று சொல்லவில்லை. "எங்க தொழில்ல இதான் கஷ்டம். எதையும் மறைக்க முடியாது. விழுந்தா ஊருக்கே தெரிஞ்சுடும்."

அகராதிக்காரர் குனிந்து சில்லுகளைப் பொறுக்கினார். பித்தலாட்டக்காரன் என்ற இரண்டாவது அர்த்தத்துக்குச் சான்று ஒன்றும் அகப்படவில்லை. சான்று இல்லாததை அடித்துவிடுவதுதான் அவர் முப்பது வருட வழக்கம்.

நிமிர்ந்து, "மாப்பிள்ளைக்கு இன்னொரு டீ போடு" என்றார்.

வந்தது. ஸ்டீல் டம்ளரில்.