புது வண்டிக்கு எண்ணெய்

சொலாஞ்சின் சிவப்புக் காருக்கு அடியிலிருந்து ரேமோனின் கால்கள் இரண்டும் நீட்டிக்கொண்டிருந்தன. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு உள்ளே போனவன். அவன் மனைவி ஒதெட் சூப்புக் கிண்ணங்களைக் கழுவி, தரையைத் துடைத்து, காய்ந்த துணிகளையும் எடுத்து மடித்தாகிவிட்டது. அவன் இன்னும் வெளியே வந்தபாடில்லை. ஊரில் மற்றவர்கள் வண்டி என்றால் சர்ரென்று எண்ணெயைப் பீய்ச்சிவிட்டு அடுத்தது யார் என்று கேட்கிற மனுஷன். சமையலறை ஜன்னல் திரையை விரலால் விலக்கி ஒதெட் பார்த்தாள். சக்கரங்களின் உட்பக்கம் பிளாஸ்டிக் பைகளைச் சுற்றிக் கட்டியிருந்தான். குழந்தைக்குக் கால் உறை மாட்டுகிற மாதிரி. எதற்காகக் கட்டினான் என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. இத்தனை சீராட்டு ஏன் என்றுதான் வயிறு எரிந்தது.

ரேமோனுக்கு ஊராட்சியில் வேலை. பனிக்காலம் முழுக்க உப்பு லாரி ஓட்டுவான். அவன் கொட்டுகிற உப்பில்தான் ஊர்ச் சாலைகளில் பனி இளகும், ஊர்க் கார்களெல்லாம் அடியில் துருப்பிடிக்கும். அக்டோபர் வந்தால் அதே மனுஷன் வீட்டு வாசலில் இரண்டு சாய்வுப் பலகையைப் போட்டு, அதே கார்களை ஏற்றி, துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் அடிப்பான். வியாதியும் நீ, வைத்தியனும் நீ என்று சலூனில் கேலி பேசுவார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

சொலாஞ்ச் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்திருந்தாள். மோன்ட்ரியாலிலிருந்து வந்து, செத்துப்போன அத்தையின் வீட்டில் குடியேறியவள். ஐம்பதைத் தாண்டியும் இடுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. அதை ஒதெட் முதல் நாளே கவனித்திருந்தாள்.

"புது வண்டிதானே ரேமோன், இதுக்குப் போய் அவசியமா? வேணவே வேணாம்னு ஷோரூம்ல சொன்னாங்களே."

"அவங்களுக்கென்ன, இது இத்துப்போனா இன்னொண்ணு விப்பாங்க." குரல் காருக்கு அடியிலிருந்து வந்தது. "புதுசுக்குத்தாங்க முதல்ல அடிக்கணும். உப்பு ஒரு தடவை உள்ள பூந்துட்டா, அப்புறம் அது மேல எண்ணெய அடிச்சு என்ன பிரயோஜனம்?"

திரையைப் பிடித்திருந்த ஒதெட்டின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மீன் ஆலைச் சம்பளத்தைச் சேர்த்து ரிமூஸ்கி நகரத்துக்குப் போய் அவளும் ஒரு புதுக் கார் வாங்கி வந்தாள். சாம்பல் நிறம். வாழ்க்கையில் அவள் பேரில் வாங்கிய முதல் வண்டி. அன்றைக்கே கேட்டாள், இதுக்கும் அடிச்சுக் குடேன்யா என்று. டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் இதே வாய்தான் சொன்னது: "புது வண்டிக்கு எதுக்குடி? இப்பல்லாம் துத்தநாகம் பூசின தகடு. ஒண்ணும் ஆகாது." சொன்னவன் தொழில் தெரிந்தவன் என்று அவளும் நம்பினாள். போன வசந்தத்தில் காரைக் கழுவும்போது, கதவுக்குக் கீழே விரல் வைத்த இடத்தில் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ரேமோன் ஒருவழியாக நெளிந்து வெளியே வந்தான். முழங்கை வரை எண்ணெய். சொலாஞ்ச் தான் கொண்டுவந்த தட்டை மூடியிருந்த துணியை எடுத்தாள். மேப்பிள் சர்க்கரையும் பாலேடும் போட்டுக் காய்ச்சின இனிப்பு.

"கை இப்படி இருக்கே, எப்படிச் சாப்பிடுவீங்க?"

கேட்டுவிட்டு அவளே ஒரு துண்டை எடுத்து அவன் வாயில் போட்டாள். சர்க்கரையைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்ன வாய். அது கண்ணை மூடிக்கொண்டு மென்றது. ஒதெட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டைப் பிடுங்கி எறியலாமா என்று நினைத்தாள். எறிந்தால் ஊர் யாரைப் பார்த்துச் சிரிக்கும் என்றும் நினைத்தாள்.

"இனிமே புழுதி ரோட்டுல ஒரு ஓட்டு ஓட்டிடுங்க," என்றான் ரேமோன். "எண்ணெய் மேல புழுதி அப்பிக்கிட்டா வழியாம நிக்கும்."

"எந்த ரோடுன்னு எனக்கு எங்க தெரியும்? நீங்களும் வாங்களேன்."

அவன் உள்ளே வந்து கை கழுவினான். எண்ணெய் போக இரண்டு தரம் சோப்புப் போட்டான். அதோடு விட்டானா? கிறிஸ்துமஸுக்கு ஒதெட் வாங்கிக் கொடுத்து, பெட்டியிலேயே கிடந்த கட்டம் போட்ட சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"புழுதியில போறதுக்குப் புதுச் சட்டையா?"

"அழுக்குச் சட்டையோட அவங்க சீட்டுல எப்படி உக்கார்றது? புது வண்டிம்மா."

"என் வண்டியில உக்காந்தப்ப அப்படித் தோணலியே."

அது காதில் விழுந்ததா இல்லையா, கதவு சாத்திக்கொண்டது. கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அவனுடைய அப்பாவின் லாரிக்கு எண்ணெய் அடித்துவிட்டு, அதே புழுதி ரோட்டில் அவளையும்தான் கூட்டிப்போனான். புழுதிக்குப் பயந்து கண்ணாடிகளை ஏற்றிவிட்ட லாரிக்குள் அவன் முதல்முதலாக அவள் கையைப் பிடித்தது இப்போது வேண்டாத நேரத்தில் ஞாபகம் வந்தது. இன்றைக்கும் கண்ணாடியை ஏற்றித்தானே ஆகவேண்டும்.

ஒதெட் ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் எறிந்தாள். தன் சாம்பல் காரைப் பலகை மேல் ஏற்றினாள். எண்ணெய்த் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அடியில் புகுந்தாள். மேலே பார்த்தாள். ஓரமெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விசையை அழுத்தினாள். முன்னால், பின்னால், சக்கரத்துக்குள், எதையும் விடவில்லை. பை கட்டுகிற சீராட்டுக்கெல்லாம் அவளுக்குப் பொறுமை ஏது? தலைமுடி, முகமெல்லாம் எண்ணெய் வழிய வெளியே வந்து, அதே கோலத்தில் ஏறி உட்கார்ந்தாள். பலகையிலிருந்து இறங்கும்போதே பிரேக் கொஞ்சம் வழுக்கியது. அதைக் கவனிக்கிற மனநிலையில் அவள் இல்லை.

புழுதி ரோட்டில் சரிவு தொடங்குகிற இடத்தில் எதிரே சிவப்புக் கார் வந்தது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. உள்ளே இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுரோட்டில் நிறுத்தி இறங்கி, இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்று ஒதெட் பிரேக்கை மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. அடிவரைக்கும் மிதித்தாள். அப்போதும் அது பாட்டுக்குப் போனது. அந்த நேரத்தில்தான் பிளாஸ்டிக் பை எதற்கென்று அவளுக்கு விளங்கியது. ஸ்டியரிங்கை ஒடித்து, பள்ளத்தில் குலுங்கி இறங்கி, அறுவடை முடிந்த ஓட்ஸ் வயலுக்குள் போய் வண்டி தானாக நின்றது.

ரேமோன் ஓடிவந்து கதவைத் திறந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அடிபட்டுச்சா? ஒதெட்! எங்கயாவது அடியா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். அவன் சக்கரத்தைப் பார்த்தான், அவள் தலைமுடியைப் பார்த்தான்.

"பிரேக்குலயாடி அடிச்ச?"

"புதுசுக்குத்தானே முதல்ல அடிக்கணும்? இன்னிக்குத்தான் தெரிஞ்சுது." முகத்தில் வழிந்த எண்ணெயைப் புறங்கையால் துடைத்தாள். "எனக்கு மட்டும் ஏன்யா அப்படிச் சொன்ன?"

அவன் முட்டிபோட்டு உட்கார்ந்தான்.

"நம்ம வாசல்லயே நிக்கிற வண்டிதானேன்னு..." என்று இழுத்தான். "எப்ப வேணாலும் அடிச்சுக்கலாம்னு இருந்துட்டேன்."

பொய் சொல்லியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு. அவன் அந்தக் கட்டம் போட்ட சட்டையைக் கழற்றி, சுருட்டி, வைக்கோல் மேல் மல்லாந்து படுத்து, சக்கரத்துக்குள் கையை விட்டுத் துடைக்க ஆரம்பித்தான். அவனுடைய கால்கள் இரண்டும் சாம்பல் காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன.

ரோட்டிலிருந்து சொலாஞ்ச் ஒருமுறை ஹாரன் அடித்தாள். கால்கள் அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை அடித்தாள்.

"அந்தச் சக்கரத்தையும் துடை," என்றாள் ஒதெட்.

சட்டை எண்ணெயில் ஊறிக் கறுத்துக்கொண்டே வந்தது. மேலே ரோட்டில், கிளம்பிப்போன சிவப்புக் கார் எழுப்பிய புழுதி மெல்ல வயலுக்குள் இறங்கி, அவளுடைய எண்ணெய்த் தலையில் அப்பிக்கொண்டது.