அக்கா உட்கார்ந்த கல்

வெல்டருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கனமான பொருள் எதுவும் சும்மா கிடந்தால் அவனுக்குப் பொறுக்காது. "எதுக்காவது ஆகும்" என்று தூக்கி வந்துவிடுவான். துருப்பிடித்த சக்கரம், யாரோ கழற்றிப் போட்ட கேட், பாதி அறுத்த இரும்புச் சட்டம் என்று சேர்த்துச் சேர்த்துப் பட்டறையில் அவன் நிற்கவே இடமில்லாமல் போனது. மனைவி திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டாள்.

மனை வாங்கிய அன்றைக்கும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. பத்திரம் பதிந்த கையோடு, விற்றவர் மனையைச் சுற்றிக் காட்ட வந்திருந்தார். கட்டில், பீரோ விற்கும் கடைக்காரர். பேச்சில் தேன் ஒழுகும். மனையின் மூலையில் சிமென்ட் கல் ஒன்று சாய்ந்து நின்றது. பழைய மஞ்சள் பெயின்ட் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் முழுக்கக் காய்ந்த சேறு அப்பியிருந்தது.

"இது என்னங்க?" என்று கேட்டான் வெல்டர்.

"ஏதோ பழைய கல்லு. இடைஞ்சலாத்தான் நிக்குது. வேணும்னா பிடுங்கிப் போட்டுக்கங்க."

வேணும்னா என்ன வேணும்னா? வெல்டருக்குக் கை அரித்தது. அவர் தலை மறைந்ததும் கடப்பாரையால் நெம்பிப் பிடுங்கி, வண்டியில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். வாடகை வீட்டு முற்றத்தில், செங்கல் அடுக்கி அதன்மேல் சேற்றுப் பக்கம் கீழே போகும்படி படுக்க வைத்தான். அவனோடு இருந்த அக்காவுக்கு அளவெடுத்துச் செய்தது போல் அமைந்துவிட்டது. அவளுக்கு வலது முழங்கால் மடங்காது. நாற்காலி ஆடும், ஸ்டூல் வழுக்கும். இந்தக் கல் அசையாது. அன்றிலிருந்து வெயில் காய்வது, துணி மடிப்பது எல்லாம் அதன்மேல்தான்.

அக்கா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். கொதிக்கும் தண்ணீரிலும் ஈரத் தரையிலும் நின்று நின்று சம்பாதித்து, தனக்கென்று ஒரு சின்ன வீடு வாங்கி வைத்திருந்தாள். மாடி வீடு. அவளால் படி ஏற முடியாமல் போனபோது தம்பிதான் போய் உட்கார்ந்து பேசினான். "அதை வித்துடுக்கா. நானும் சேர்த்து வச்சிருக்கேன். மனை வாங்கி வீடு கட்டுவோம். கீழ உனக்குன்னு ஒரு ரூம், நிலைப்படியே இல்லாம. நான் பார்த்துக்கறேன்."

அக்கா எழுந்து சுவரைத் தடவிப் பார்த்தாள். அந்த வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது கூட அவள் கைதான். கடைசியில், "நீ பார்த்துக்கறேன்னா சரி" என்றாள்.

மனையைப் பார்த்ததும் வெல்டருக்கு உச்சி குளிர்ந்துபோனது. சுற்றியிருந்த மனைகளில் எல்லாம் மரமும் முள்ளும் மண்டிக் கிடக்க, இது மட்டும் வகிடு எடுத்த மாதிரி நீளமாக, சுத்தமாக இருந்தது. வெட்ட வேண்டிய வேலையே இல்லை. விலையும் அடிமாட்டு விலை. "ஏங்க இவ்வளவு மலிவு?" என்று மனைவி கேட்டபோது அவள்மேல் பாய்ந்தான். "நல்லது நடந்தா உனக்குப் பிடிக்காதே." வக்கீல் பத்திரங்களைப் புரட்டிப் பார்த்து, வில்லங்கம் எதுவும் இல்லை என்றார். நிலம் யாருக்குச் சொந்தம் என்று பார்த்தாரே தவிர, நிலத்துக்குக் கீழே வேறு யாருக்கும் உரிமை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அதெல்லாம் வேறு அலுவலகமாம்.

வீட்டுக்கு முன்பே ஜன்னல் தயாராகிவிட்டது. அக்கா அறைக்குக் கம்பி அடித்து, பெயின்டும் அடித்துப் பட்டறையில் சாய்த்து வைத்திருந்தான். "பூ வளையம் எல்லாம் வேணாம்டா, தூசி பிடிக்கும். நேர்க்கம்பி போதும்" என்றிருந்தாள் அவள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் செய்து, அவள் உள்ளங்கைக்கு உறுத்தாமல் தேய்த்து வைத்திருந்தான்.

அஸ்திவாரம் தோண்டும் காலை. பொக்லைன் முதல் வாய் மண்ணை அள்ளி ஓரமாகக் கொட்டியதுதான் தாமதம், சாலையில் போன ஜீப் ஒன்று அலறிக்கொண்டு வந்து நின்றது. தொப்பி போட்ட ஒரு மனிதர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"நிறுத்து, நிறுத்து. சாவியைப் பிடுங்கு முதல்ல."

மூச்சு வாங்கி நின்ற பிறகுதான் தாம் யார் என்று சொன்னார். குழாய்த் தடத்தை மேற்பார்க்கிறவர். கீழே எரிவாயுக் குழாய் போகிறது. நீளவாக்கில், மனையின் நட்டநடுவே.

வெல்டர் வாயில் முதலில் வந்த கேள்வியைக் கேட்டால் சிரிப்பீர்கள். "எத்தனை இன்ச்?" என்றான். பழக்கதோஷம். பாதி ஆயுளைக் குழாய் ஒட்டியே கழித்தவன். மேற்பார்வையாளர் அளவைச் சொன்னார். அந்தக் கனத்தில் குழாய் என்றால் அது எந்த ஊருக்கோ போகிற பெரிய தடம். இவன் வீடு கட்டுகிறான் என்று யாரும் அதை நகர்த்தப்போவதில்லை. வேறு எவனாவது என்றால் கெஞ்சிப் பார்க்கலாம் என்று நினைத்திருப்பான். இவனுக்கு அந்த ஆறுதல்கூட இல்லை.

"இந்தப் பக்கம் ஒரு ரூம் மட்டும் போட்டுக்கிட்டா? சின்னதா?"

"சுவரே எழுப்பக்கூடாதுங்க. கிணறு கூடாது, மரம் கூடாது. அதோ, வேலியோரமா ஒரு கீத்து மிச்சம் இருக்கும். அதுல ஒரு சைக்கிள் நிறுத்தலாம்."

"அப்ப என்னதான் செய்யறது இதை?"

"கீரை போடலாம். வேர் ஆழமாப் போகாது." அவர் கேலிக்குச் சொல்லவில்லை. பிறகு மூலையைப் பார்த்தார். "இங்க எங்க அடையாளக் கல் ஒண்ணு நின்னுச்சு. ரொம்ப நாளாத் தேடிட்டு இருக்கோம். யாரு பிடுங்கினாங்கன்னு தெரியுமா?"

வெல்டர் பொக்லைன் கொட்டிய மண்ணைக் காலால் தள்ளினான்.

"யாரா இருந்தாலும் பழைய இடத்துலயே கொண்டுவந்து நட்டுடணும். இல்லன்னா கேஸ்தான். ஜெயில்வரைக்கும் போகும்."

அங்கிருந்து நேரே பீரோக் கடைக்குப் போனான். கடைக்காரர் அவனை உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் வரவழைத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். மனிதர் முகத்தில் ஒரு சுருக்கம் விழவேண்டுமே.

"மறைச்சுட்டேங்கறீங்களே, கல்லு அங்கேதானே நின்னுச்சு? மஞ்சக் கல்லு. 'தோண்டாதே'ன்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்குமே. கண்ணு இருக்கறவங்க பார்த்துத்தானே வாங்கியிருப்பாங்க?"

"நீங்கதான பிடுங்கிப் போடச் சொன்னீங்க."

"நானா? யாரு இருந்தாங்க அப்ப?" குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. "அரசாங்கக் கல்லைப் பிடுங்குங்கன்னு யாராவது சொல்வாங்களா, தம்பி? யாரு கடப்பாரை போட்டாங்களோ அவங்களைத்தான் கேக்கணும்."

சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் கடப்பாரை இவன் கையில்தான் இருந்தது, கல் இவன் வீட்டில்தான் கிடக்கிறது. தன் கழுத்துக்குக் கயிற்றைத் தானே திரித்துக் கொடுத்தவன் யார் சட்டையைப் பிடிப்பான்? தெருவில் இறங்கியபோது எந்தப் பக்கம் போவது என்றே அவனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்று வீட்டைக் காலிசெய்யச் சொல்லியாகிவிட்டது. அக்காவின் வீட்டில் வேறு குடும்பம் குடியேறியாகிவிட்டது. வழியெல்லாம் பொய் தேடிக்கொண்டே நடந்தான். மழை வந்தது என்று சொல்லலாம். இயந்திரம் பழுது என்று சொல்லலாம். கல்லைச் சம்மட்டியால் அடித்துத் தூளாக்கிவிட்டால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள் என்றும் தோன்றியது.

முற்றத்தில் அக்கா கல்லின்மேல் உட்கார்ந்து, மடங்காத காலை நீட்டிக்கொண்டு, தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தாள். சலவைக்கூடத்து மடிப்பு. ஓரத்தோடு ஓரம் சேர்ந்திருக்கும்.

"வந்துட்டியா? எவ்வளவு தோண்டியாச்சு? இப்பத்தான் நினைச்சேன், என் ஜன்னலைக் கிழக்கால வச்சுடு. காலையிலயே முழிச்சுக்குவேன்."

அவன் பட்டறையிலிருந்து எடுத்துவந்த சம்மட்டி கையில் தொங்கியது. நினைத்து வைத்திருந்த பொய் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"அக்கா, கொஞ்சம் எழுந்திரேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றது. மனைவி வாசலுக்கு வந்தாள். வெல்டர் கல்லை நெம்பிப் புரட்டினான். காய்ந்த சேறு சம்மட்டிக் காம்பால் தட்டியதும் பொரிந்து விழுந்தது. அடியில் எழுத்து புத்தம்புதிதாக இருந்தது. எரிவாயுக் குழாய். தோண்டாதே. கட்டடம் கட்டாதே.

அக்கா வாய்விட்டுப் படித்தாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. அவன் நடந்ததைச் சொன்னான். சொல்லும்போதே குரல் உடைந்து, சிறுபிள்ளை மாதிரி அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "உன் வீட்டையும் தொலைச்சுட்டேன்க்கா. நான்தான் பார்த்துக்கறேன்னேன்."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்து, நாத்தனாரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலை. சுவரில் கையை மாற்றி மாற்றி ஊன்றினாள். நிற்க முடியாமல்தான் ஊன்றுகிறாள் என்று அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

"இப்ப இந்தக் கல்லை என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"பிடுங்கின இடத்துலயே நடணுமாம். இல்லன்னா கேஸ் போடுவாங்களாம்."

"இதையும் கொடுத்துடணுமா?"

"ஆமாக்கா."

அவள் கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நாளைக்குக் கொண்டுபோ" என்றாள். "இன்னிக்கு நான் உக்காந்துக்கறேன்."

அவன் எழுந்து, கல்லைப் பழையபடி புரட்டக் குனிந்தான். அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுத்தின்மேலேயே உட்கார்ந்தாள். தலையணை உறைகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மடிக்கவில்லை.