அடிவயிற்று வலி எந்த டிபார்ட்மென்ட்?

குளியலறைக்குள் வாளி உருண்டு சுவரில் மோதிய சத்தத்தில் அம்மா இஸ்திரிப் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். உள்ளே மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

"மறுபடியுமா? போன மாசமும் இதே கூத்துதானே!"

பதினைந்து வயதுப் பெண். அடிவயிறு மூடாமல், சிறுநீர்ப்பை வெளியே தெரியப் பிறந்தவள். கைக்குழந்தையிலேயே அடுத்தடுத்து ஆபரேஷன்கள். அதனால் இப்போது வயிறு வலித்தாலே பழி பழைய தழும்பின்மேல்தான். 'தழும்பு இழுக்குது' என்று சொல்லிச் சொல்லியே பக்கத்துத் தெரு கிளினிக்கில் வலி மாத்திரையாக விழுங்க வைத்திருந்தார்கள். இன்றைக்கு என்ன ஏதென்று தெரியாமல் வீடு திரும்புவதில்லை என்று அம்மா ஆட்டோ பிடித்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் சர்ஜன் தழும்பை அழுத்திப் பார்த்தார். "இது லேடீஸ் பிரச்சினை. மாடிக்குப் போங்க."

மாடியில் ஜூனியர் டாக்டர் ஃபைலின் தடிமனைப் பார்த்தே மிரண்டாள். "இது சர்ஜரி கேஸ். கீழே போங்க."

"ஏம்மா, என் பொண்ணு வயிறு என்ன கால்பந்தா? ஆளாளுக்கு உதைச்சு விளையாடறீங்க?"

அம்மா போட்ட சத்தத்தில் பெரிய டாக்டரம்மாவே அறைக்கு வெளியே வந்துவிட்டார். மகளை உள்ளே அழைத்துப் படுக்கவைத்து, ஸ்கேன் கருவியை வயிற்றில் நகர்த்தினார்.

"பீரியட்ஸ் எப்படிம்மா வருது?"

"அதெல்லாம் டாண்ணு வருது டாக்டர்," அம்மா முந்திக்கொண்டாள். "மாசாமாசம் நான்தானே நாப்கின் வாங்கித் தர்றேன். இவ பொறந்தப்ப என்னாச்சுன்னா..."

"பொறந்த கதை ஃபைல்ல இருக்கு. அவ பேசட்டுமே."

மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டரம்மா ஸ்கேன் திரையை அம்மாவின் பக்கம் திருப்பினார்.

"இது கர்ப்பப்பை. உள்ள முழுக்கப் பழைய ரத்தம் தேங்கியிருக்கு. வெளிய வர்ற வழி அடைச்சிருக்கு. இப்படிப் பொறந்த பொண்ணுங்க சிலருக்கு இது வரும், சரி பண்ணிடலாம். ஆனா, ஒரு சொட்டுகூட வெளிய வந்திருக்க முடியாதே!"

"என்ன டாக்டர் சொல்றீங்க? அப்ப நான் வாங்கிக் குடுத்ததெல்லாம் காத்துலயா கரைஞ்சுது? ஏய், வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்டி!"

"ஃப்ரெண்ட்ஸுக்குக் குடுத்துட்டேம்மா. வயசுக்கு வந்துட்டேன்னு உங்கிட்ட சொன்னதே பொய். எனக்கு இன்னும் வரலைன்னு தெரிஞ்சா, நீ திரும்பவும் வயித்தை வெட்டறதுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்னு பயமா இருந்துச்சு."