வாக்கரைத் தொட்ட இரண்டு விரல்

வாக்கரை வாங்கும் கையைப் பார்த்தே அது திரும்பி வரும் தேதியைச் சொல்லிவிடுவேன். கிழமையோடு, அன்றைக்கு வெயிலா மழையா என்பதோடு. மருத்துவமனையில், கால் தேறும்வரை பிடித்து நடக்க வாக்கர் இரவல் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். பதினோராயிரம் முழங்கால்கள் அந்த ஜன்னலைத் தாண்டிப் போயிருக்கின்றன. திரும்பும் தேதியை முதல் நாளே பேனாவால் எழுதிவிடுவேன், பென்சிலைத் தொட்டதில்லை. ஒரே ஒரு ஆள் ஒரு நாள் பிந்தினார். அது லீப் வருடம்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. வாக்கரை மார்போடு அணைத்துக்கொண்டு எனக்குக் கும்பிடு போடுகிறவர்கள் அரை வருடம் கழித்துத்தான் கொண்டுவருவார்கள். அதற்குள் கைப்பிடிக்குப் பூப்போட்ட உறை தைத்திருப்பார்கள். போன மாதம் இடது முழங்காலை மாற்றிக்கொண்டு வார்டில் கிடந்த என் அக்காவோ அதை இரண்டே விரலால் தொட்டாள், யாரோ முகம் துடைத்துப் போட்ட ஈரத் துண்டைத் தொடுவதுபோல. "இந்தக் கருமத்த யாரு கேட்டா?" என்றாள். இருபத்தொன்றாம் நாள் காலை பதினொரு மணிக்குள் தன் வீட்டுப் படியேறிவிடுவாள் என்று அங்கேயே அறிவித்தேன்.

நம்பாத ஒரே ஆள் அவள் மகன். அதே மருத்துவமனையில், யார் எத்தனை நாளில் நடப்பார் என்று கணிக்கும் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்ப்பது அவன் உத்தியோகம். வயது, எடை, சர்க்கரை, தொடையின் சுற்றளவு எல்லாம் கேட்கும் அந்தப் பெட்டி, ஆளின் வாயைப் பற்றி ஒரு கேள்வி கேட்காது. மூன்று மாதத்துக்குள் அவன் அம்மா தனியாகப் படியேற பதினாலு சதவீதம்தான் வாய்ப்பு என்று சொல்லிவிட்டது. அவள் தனியாக இருப்பது மூன்றாம் மாடியில். லிஃப்ட் கிடையாது, ஐம்பத்து நாலு படி. ஆகவே மாதக் கடைசியில் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, தன் வீட்டுப் பின்பக்கம் துணி காயப்போடும் அறையிலேயே அவளை வைத்துக்கொள்வதென்று முடிவெடுத்துவிட்டான்.

"நாப்பதாயிரம் பேரோட தகவல் உள்ள இருக்கு மாமா. சும்மா கையப் பாத்துச் சொல்றதில்ல."

"அந்த நாப்பதாயிரத்துல எத்தன பேருடா உங்கம்மா?"

"பதினாலா?" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்தபடி. "கணக்குல நீ எப்பவும் வாங்குனதுதானே."

வார்டிலிருந்து நேரே அங்கேதான் கொண்டுபோனான். அந்தப் பின்பக்க அறையில் பயிற்சி கொடுக்க வந்த பெண் பத்து தடவை முழங்காலை மடக்கச் சொன்னால் இவள் முப்பது தடவை மடக்கினாள். மடக்கலுக்கு ஒரு வசவு. வசவு தீரவில்லை, அதனால் மடக்கலும் தீரவில்லை.

இருபத்தொன்றாம் நாள் மகன் மூன்றாம் மாடி வீட்டில் சாமான் கட்டப் போனான். நல்ல பேர் வாங்கும் ஆசையில் அங்கிருந்து வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினான். அட்டைப்பெட்டியின் அடியில் அவளுடைய கண்ணாடி ஜாடிகள். அவற்றின் தலையில் இரும்பு வாணலி. அக்கா போனை அணைத்தாள்.

"வண்டியக் கூப்பிடுடா," என்றாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம்.

அவள் வீட்டு மாடிப்படியில், ஒரு கை படிக் கைப்பிடியில், நல்ல கால் முதலில், மாற்றின கால் பின்னால். வாக்கரைச் சுமந்துகொண்டு நான் தொடர்ந்தேன். முதல் திருப்பத்தில் நின்று கம்ப்யூட்டரைத் திட்டினாள். அடுத்ததில் அதைக் கட்டி மேய்ப்பவனை. அதற்கடுத்ததில் அவனைப் பெற்றவளை. அது தான்தான் என்று உறைத்ததும் கொஞ்சம் நிதானித்தாள். இரண்டாம் மாடிக்கு மேல் வாக்கர் என்னைத்தான் ஏற்றிவிட்டது. மணி பத்து ஐம்பத்தெட்டு.

மகன் ஒட்டு நாடாவும் கையுமாக நின்றான். "யாரும்மா தூக்கிட்டு வந்தா? மாமாவா?"

"அவனையா? அவன இப்ப நாமதான் தூக்கணும். சாவிய ஆணியில மாட்டு."

மாட்டினான். பிறகு டேப்லெட்டைத் திறந்தான். ஒவ்வொரு நோயாளியும் தனியாகப் படியேறிய நாளைப் பதிய வேண்டியது அவன் வேலை. இருபத்தொன்று என்று அடித்தான். திரை சிவந்து கேட்டது: இந்த எண் இவருக்குப் பொருந்தவில்லை, உண்மையில் நடந்ததா?

என்னைப் பார்த்தான். பேச எனக்கு மூச்சில்லை. அம்மாவைப் பார்த்தான். அவள் ஜாடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, விரிசல் இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், நின்றபடியே.

"நடந்துச்சு மாமா," என்று முணுமுணுத்துவிட்டு, 'ஆம்' என்பதில் விரலை வைத்து அழுத்தினான்.