மஞ்சள் கோடுகள்

அந்தச் சின்னக் கடற்கரை ஊரில் குழந்தைகள் விளையாடப் பூங்காக்கள் மூன்று. மூன்றிலும் சேர்த்து இருநூற்றுப் பதினான்கு போல்ட்டுகள். இந்த எண்ணிக்கை நகராட்சி அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர்களும் இல்லை. ஸ்பானர் அக்காவுக்கு மட்டும் தெரியும். ஊஞ்சல், சறுக்கு, ராட்டினம், கயிற்று வலை என்று எல்லாவற்றின் நட்டுகளையும் ஒன்பது வருடமாக மாதம் தவறாமல் முறுக்கிக்கொண்டிருப்பவள் அவள்தான். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்.

அவளுக்கென்று ஒரு வேலை முறை உண்டு. நட்டை இறுக்கி முடித்ததும், நட்டின் மேலும் அதை ஒட்டிய இரும்பின் மேலுமாகச் சேர்த்து, ஒரே இழுப்பில் சின்னதாய் ஒரு மஞ்சள் கோடு போடுவாள். நட்டு கொஞ்சம் தளர்ந்து திரும்பினாலும் கோடு உடைந்து, பாதி இங்கேயும் பாதி அங்கேயுமாக நிற்கும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும், எது தளர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்தக் கோடு எதற்கு என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொல்லி வைத்திருந்தாள். ஒருவரிடம் “அது என் கையெழுத்து” என்பாள், இன்னொருவரிடம் “சும்மா அழகுக்கு” என்பாள். விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றால் வேலை எப்போது முடிப்பது என்பது அவள் கட்சி. ஊரும் சிரித்துவிட்டுப் போய்விடும்.

கடற்கரை உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது. மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கோடுகளாவது உடையும். ஆனால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பூங்காவையும் சுற்றி வந்தபோது ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. புதிதாக அடித்த நீலப் பெயிண்டுக்கு நடுவே எல்லாக் கோடுகளும் அளந்து வைத்தது மாதிரி நேராக நின்றன. ஸ்பானரைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே வேலை இல்லை. மறுநாள் தங்கை வரப்போகிற குஷி வேறு. தன் கையின் பலத்தைத் தானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடத்தில் சந்தோஷப்பட்டுத் தொலைத்தாள்.

தங்கை வேறு ரகம். பயத்தைப் பாலோடு சேர்த்துக் குடித்தவள். குழந்தை தும்மினால் ஒரு டாக்டர், இருமினால் இரண்டு டாக்டர். ஒன்பதாவது மாடியில் குடியிருந்துகொண்டு, ஜன்னலுக்குக் கம்பி, கம்பிக்கு வலை, வலைக்குப் பூட்டு என்று வைத்திருப்பவள். அவளுடைய ஒரே மகளுக்கு வயது ஐந்து; செல்லப் பெயர் பட்டாணி. ஐந்து வயதாகியும் பட்டாணி இதுவரை ஊஞ்சலில் உட்கார்ந்ததில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் குறையைத் தீர்த்து வைப்பதாக அக்கா கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

முதலில் வாத்துக் குளத்துப் பூங்கா. சறுக்கின் உச்சியில் பட்டாணி நின்றபோது தங்கை கீழே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

“ஏய், அது சறுக்குடீ, மொட்டை மாடி இல்ல” என்றாள் அக்கா. “அவ சறுக்கி வந்தா உன் கைதான் முதல்ல இடிக்கும். தள்ளி நில்லு.”

“உனக்கென்னக்கா, பேசுவே.”

“பேசாம? இங்க இருக்கிற ஒவ்வொரு நட்டும் என் கையால முறுக்கினது. நான் கேரண்டி.”

பட்டாணி சறுக்கி வந்து புல்லில் உட்கார்ந்து, “பெரியம்மா கேரண்டி! இன்னொரு வாட்டி!” என்று கத்தினாள். அந்த வார்த்தை பிடித்துப்போய் அதற்கப்புறம் எதில் ஏறினாலும் அதையே சொன்னாள்.

அடுத்தது மேட்டுப் பூங்கா. அங்கே இரண்டாள் உயரத்துக்கு ஒரு கயிற்று வலைக் கோபுரம் உண்டு. நீச்சல் வகுப்பு முடித்து வந்த பிள்ளைகள் இருபது பேர் ஈரத் தலையோடு அதில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். தங்கை ஒரு பார்வை பார்த்தாள். “இது மட்டும் வேண்டாம்க்கா. உன் கேரண்டியை நீயே வச்சுக்கோ” என்று மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அக்கா வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கடைசியாகக் கடலோரப் பூங்கா. பெரிய ஊஞ்சல் அங்கேதான் இருந்தது, பெரியவர்களும் உட்காரலாம். அக்கா பத்து நிமிடம் கெஞ்சி, நாலு முறை கேரண்டி சொன்ன பிறகு தங்கை இறங்கி வந்தாள். பட்டாணியை உட்கார வைத்து, முட்டையை நகர்த்துவதுபோல முதலில் தள்ளினாள். பட்டாணி சிரித்த சிரிப்பில் அவளுக்கே தைரியம் வந்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டினாள். தங்கை வாய்விட்டுச் சிரிப்பதைப் பார்த்து எத்தனை வருடமாயிற்று என்று அக்கா நினைத்துக்கொண்டாள். மனசு நிறைந்துபோயிருந்தது.

அப்போதுதான் பெயிண்டர் அண்ணன் வந்தார். நகராட்சிக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். சட்டைப் பையில் சீப்பு இல்லாமல் வெளியே வரமாட்டார். சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால், யார் வீடாக இருந்தாலும் எழுந்துபோய் நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். தான் அடித்த பெயிண்டை ஊர் ரசிக்கிறதா என்று பார்க்க வந்திருந்தார்.

“என்ன தங்கச்சி, ஒண்ணுமே சொல்லலையே?” என்று அக்காவிடம் கேட்டார்.

“பாத்தேன் அண்ணே. நீலம் பிரமாதம்.”

“போல்ட்டு மேல பெயிண்ட் படக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருந்தியே. ஒரு சொட்டு பட்டிருக்கா பாரு. ஒவ்வொண்ணுக்கும் டேப் ஒட்டி அடிச்சிருக்கேன்.”

“உங்களுக்குச் சொல்லணுமா அண்ணே.”

“அதோட விட்டேனா?” குரலைத் தாழ்த்தினார், பரிசுப் பொட்டலத்தைப் பிரிக்கிற மாதிரி. “உன் மஞ்சக் கோடெல்லாம் சிலது கோணலா, சிலது ரெண்டா ஒடஞ்சு, புது நீலத்துக்கு நடுவுல பாக்கவே சகிக்கல. தின்னர் தொட்டு அத்தனையையும் தொடச்சுட்டு, ஸ்கேல் வச்சு நானே நேரா போட்டுட்டேன். மூணு பூங்காவுலயும். மொத்தம் இருநூத்துப் பதினாலு. வேணும்னா எண்ணிப் பாத்துக்கோ.”

அக்காவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. இருநூற்றுப் பதினான்கு என்று இன்னொருவர் வாயிலிருந்து கேட்டது மட்டும் விசித்திரமாக இருந்தது. பிறகு மெதுவாக அண்ணாந்தாள். ஊஞ்சலின் குறுக்குக் கம்பியில் நாலு நட்டுகள், நாலு கோடுகள், நாலும் நேர். அதற்குக் கீழே பட்டாணி கடலைப் பார்த்துப் பறந்துகொண்டிருந்தாள்.

அக்கா ஓடினாள். பட்டாணி முன்னால் வருகிற நேரத்தில் குறுக்கே பாய்ந்து, பலகையோடு சேர்த்து அவளை மார்போடு அணைத்துக்கொண்டு, இரண்டு எட்டு பின்னால் இழுபட்டு மணலில் உட்கார்ந்தாள். முழங்கை தேய்ந்து ரத்தம் வந்தது. பட்டாணி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் முழித்தாள்.

“என்னக்கா? என்ன ஆச்சு?” தங்கை பதறினாள்.

“ஒண்ணுமில்ல. யாரையும் இதுல ஏற விடாதே. நீயும் ஏறாதே. இங்கயே நில்லு.” அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. பெயிண்டர் அண்ணனின் சட்டையைப் பிடித்தாள். “எங்க எங்க ஒடஞ்சிருந்துச்சு? யோசிச்சுச் சொல்லுங்க.”

“எதுக்குத் தங்கச்சி...”

“எங்கன்னு கேக்கறேன்!”

அவர் மிரண்டுபோனார். “வாத்துக் குளத்துல எல்லாமே சரியாத்தான் இருந்துச்சு. இங்க ஒண்ணோ ரெண்டோ, எதுன்னு ஞாபகமில்ல. மேட்டுலதான் மோசம். அந்தக் கயித்து வலைக்கு உச்சியில நாலு இருக்கே, நாலுமே ஒடஞ்சுதான் கெடந்துச்சு.”

இருபது ஈரத் தலைகள் அக்காவின் கண்முன்னால் வந்து நின்றன. ஞாயிற்றுக்கிழமை காவலாளிக்கு விடுமுறை. போன் செய்து சொல்ல அங்கே ஆளில்லை. அண்ணனுடைய ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டாள். வழியில் அவள் வீட்டு வாசலில் அரை நிமிடம் நின்று கருவிப் பையை எடுத்துக்கொண்டார்கள். “அந்தக் கோடு ஒடஞ்சா நட்டு கழண்டிருக்குன்னு அர்த்தம் அண்ணே” என்று அவர் காதருகே ஒரே ஒரு முறை சொன்னாள். அவர் வேகத்தைக் கூட்டினார்.

மேட்டுப் பூங்காவில் வலை நிறையப் பிள்ளைகள். உச்சியில் மட்டும் ஆறு பேர். ஒருத்தன் வலையை உலுக்க மற்றவர்கள் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். ‘விழப்போகுது, இறங்குங்க’ என்று கத்தினால் இருபது பேரும் ஒரே நேரத்தில் குதிப்பார்கள். அந்த உலுக்கல் ஒன்றே போதும். முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு கையைத் தட்டினாள்.

“எல்லாரும் கேளுங்க! போட்டி! யாரு ரொம்ப மெதுவா, வலை ஆடாம இறங்குறாங்களோ அவங்கதான் ஜெயிச்சவங்க! கீழ இருக்கிறவங்க முதல்ல!”

பிள்ளைகளுக்குப் போட்டி என்றால் போதும், என்ன ஏது என்று கேட்கமாட்டார்கள். ஆமை மாதிரி இறங்க ஆரம்பித்தார்கள். அவள் வாழ்நாளில் அவ்வளவு நீளமான ஐந்து நிமிடம் இருந்ததில்லை. ஒவ்வொரு காலும் தரையைத் தொடத் தொட மனசுக்குள் எண்ணினாள். கடைசியாக ஒரு குண்டுப் பெண், ஜெயித்தே தீருவது என்று, நடுவழியில் நின்று மூச்சுவாங்கி, மூக்கைச் சொறிந்து, ஆகாயத்தைப் பார்த்து, பிறகுதான் இறங்கினாள். அவளைக் கட்டிக்கொண்டு அக்கா அழுதே விட்டாள். எதற்கு அழுகிறாள் என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. “நான்தானே ஜெயிச்சேன்?” என்று கேட்டாள்.

வலையில் ஏறாமல், சுவரோடு கிடந்த ஏணியை நடுத்தூணில் சாய்த்து அக்கா மேலே போனாள். நாலு நட்டுகளிலும் மஞ்சள் கோடு, புத்தகத்தில் அச்சடித்தது மாதிரி. முதல் நட்டின் மேல் இரண்டு விரலை வைத்தாள். ஸ்பானருக்கு வேலையே இல்லை. விரலுக்கே சுற்றியது. மூன்று சுற்று சுற்றி, கழன்று, அவள் உள்ளங்கையில் விழுந்தது. அதன் மேல் பாதி மஞ்சள் கோடு, மிக நேராக.

கீழே இறங்கி வந்து அதை அண்ணனிடம் நீட்டினாள். திட்டுவதற்கு வாய் நிறைய வார்த்தை வைத்திருந்தாள். ஒன்பது வருட வேலையை ஒரு ஸ்கேலை வைத்து அழித்துவிட்டீர்களே என்று தொடங்க இருந்தாள். அவர் நட்டை வாங்கவில்லை. முகத்தில் ஈயாடவில்லை.

“நான் கேட்டேனேம்மா” என்றார் மெதுவாக. “ஆறு வருஷம் முன்னாடி. இது எதுக்குன்னு கேட்டேன். சும்மா அழகுக்குன்னு நீதானே சொன்னே. அதான் அழகா இருக்கட்டும்னு...”

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொன்ன இடம்கூட ஞாபகம் வந்தது. இதே வலைக்குக் கீழேதான், தேநீர் குடித்துக்கொண்டே, சிரித்துக்கொண்டே. வாய்க்குள் இருந்த அத்தனை வார்த்தையும் அப்படியே உள்ளே போய்விட்டது. நட்டை இறுகப் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் போட்டிக்கு என்ன பரிசு என்று சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வலையைச் சுற்றிக் கயிறு கட்டி, நாலு நட்டையும் இறுக்கி, அவர்கள் கடலோரப் பூங்காவுக்குத் திரும்பியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தங்கை சொன்ன இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். ஊஞ்சல் பலகையைத் தன் துப்பட்டாவால் தூணோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தாள். அங்கே கிடந்த ஏணியை அக்கா சாய்த்ததும் யாரும் சொல்லாமலே வந்து அடியைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் நட்டு அசையவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் கல் மாதிரி இருந்தன. அக்காவுக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. நாலாவதில் ஸ்பானரை மாட்டி இழுத்தாள். சுற்றியது. மறுபடி இழுத்தாள், மறுபடி சுற்றியது. முழுசாக இரண்டு சுற்று போன பிறகுதான் இறுகியது. பட்டாணி உட்கார்ந்திருந்த பலகையின் ஒரு பக்கச் சங்கிலி தொங்கியது அந்த நட்டில்தான். குனிந்து பார்த்தாள். தங்கை ஏணியைப் பிடித்தபடி அண்ணாந்து அந்த ஸ்பானரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அக்கா அண்ணன் போட்ட கோட்டைத் தின்னரால் துடைத்துவிட்டு, தன் தூரிகையால் ஒன்று போட்டாள். அது கோணலாகத்தான் வந்தது. இறங்கி வந்து, அந்தக் கோடு எதற்கு என்று அண்ணனுக்கும் தங்கைக்கும் பட்டாணிக்கும் முதலிலிருந்து சொன்னாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“பெரியம்மா, இப்ப கேரண்டியா?” என்று கேட்டாள் பட்டாணி.

தங்கை துப்பட்டாவை அவிழ்த்தாள். பலகையை மணல் போகத் தட்டி நேராகப் பிடித்தாள்.

“நீ உட்காருக்கா” என்றாள்.

“நானா?”

“முதல்ல நீ உட்காரு. அப்புறம் பாக்கலாம்.”

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. அக்கா உட்கார்ந்தாள். ஒன்பது வருடத்தில் இந்த ஊஞ்சலில் தான் ஒரு முறைகூட உட்கார்ந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு சங்கிலிகளையும் கை வெளுக்கும்வரை பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடத் தோன்றியது, ஆனால் பட்டாணி எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கை பின்னால் போய், தன் பலத்தையெல்லாம் சேர்த்துத் தள்ளினாள்.