எடுக்காமல் விட்ட உப்புக்குழி

நாற்பதாம் நாள் விருந்து முடிந்து, குதிரைக்கறி வெந்த அண்டாக்களைப் பெண்கள் முற்றத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். உறவுக்கூட்டம் கலைந்த பிறகும் இஷென்குல் மட்டும் போகவில்லை. இடுப்புப்பட்டைக்கு மேல் வயிறு தொங்க, தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். செத்துப்போன சபிர்குலின் சிநேகிதன் அவன். கூடப் பிறந்த தம்பி என்றுதான் நரின் ஊரில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள்.

சபிர்குலின் மனைவி புருல் அவன் எதிரில் உட்கார்ந்தாள். எதிரில் ஒரு தலையணை இருந்திருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். கணவன் செத்த வீட்டில் மனைவி சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி பாட வேண்டும். இவளும் உட்கார்ந்தாள், வாயையும் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. நாத்தனார்தான் இவளுக்கும் சேர்த்துப் பாடி முடித்தாள். "கணக்கு வாத்தியாரம்மா, கண்ணீரைக்கூட கணக்குப் போட்டுத்தான் விடுவா" என்று அடுக்களையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதற்குக்கூட அவளுக்குக் கோபம் வரவில்லை.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றான் இஷென்குல்.

"கேளு, குட்டித்தம்பி."

புகுந்த வீட்டு ஆண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பதால் மருமகளாக வந்த புதிதில் அவள் வைத்த பெயர் அது. அப்போது அவன் ஒல்லி.

அவன் எழுந்துபோய் ஒன்பது குழிப் பலகையை எடுத்து வந்தான். பக்கத்துக்கு ஒன்பது குழி, நடுவில் ஜெயித்த காய்களைச் சேர்க்க ஆளுக்கொரு கொப்பரை. ஆட்டுப்புழுக்கை என்று பெயர், ஆனால் வழவழவென்ற காய்கள். அவற்றை ஒவ்வொன்றாகக் குழிகளில் போட்டான். சபிர்குல் கடைசியாக ஆடிய அன்றைக்கு இருந்த நிலை அப்படியே வந்தது. நரின் ஆட்டக்காரர்களுக்குப் பெண்டாட்டி பிறந்தநாள் மறக்கும், பலகை மறக்காது.

"இந்த இடத்துல அண்ணனுக்கு உப்புக்குழி கெடைக்கவேண்டியது. என் குழியில மூணாவது காய் விழுந்தா குழி அவருக்கு. அப்புறம் அதுல விழுறதெல்லாம் அவரு கொப்பரைக்குத்தான். பச்சக் கொழந்தைகூட எடுக்கும். எடுக்காம இந்த எட்டாங்குழியக் கெளப்பினாரு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். 'கெழவனுக்குக் கண்ணு போச்சு'ன்னேன். என் முறை வந்ததும் நான் உப்பு எடுத்தேன்."

"ம்."

"ஒரு மணி நேரம் கழிச்சு லாயத்துப் பக்கம் போனவரு விழுந்துட்டாரு. கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பொழைச்சிருப்பாருன்னு டாக்டர் சொல்றான். ஆஸ்பத்திரி தெரு முனையில இருக்கு, அண்ணி. அந்த எட்டாங்குழி ஆட்டம் தப்பா, சரியா? தப்புன்னா அப்பவே மூளையில ரத்தம் கட்டிருக்கு. நான் சிரிச்சிட்டிருந்திருக்கேன்."

கணக்கில் புருல் ஆராய்வதே அதைத்தான். பகடை இல்லாத, சீட்டை மறைத்து வைக்காத, எல்லாம் இருவர் கண்ணெதிரிலும் நடக்கிற ஆட்டங்கள். அப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒவ்வொரு நிலைக்கும் பதில் ஏற்கெனவே இருக்கிறது: ஜெயம், தோல்வி, சமம். முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால் எட்டிவிடலாம். தொடக்கத்திலிருந்து எண்ண எந்த இயந்திரத்தாலும் ஆகாது. காய்கள் தீர்ந்துவரும் கடைசிக் கட்டம் அவளுடைய மடிக்கணினிக்கு ஒரு பொருட்டில்லை.

பலகையைப் பார்த்து, குழிகளில் இருந்த காய்களின் எண்ணிக்கையை ஒவ்வொன்றாக அதில் தட்டினாள். இரண்டாவது தேநீர் ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. உப்புக்குழியை எடுத்திருந்தால் சபிர்குலுக்கு ஜெயம். எட்டாங்குழியைக் கிளப்பியதால் தோல்வி.

அவளுக்கு இது தெரியாததல்ல. அன்று மாவுக்கையோடு அடுக்களையிலிருந்து வந்து, சபிர்குலின் தோளுக்கு மேலாக அவளும் எட்டிப் பார்த்தாள். இவர் ஏன் இப்படி ஆடுகிறார் என்று ஒரு கணம் நினைத்தாள். முப்பது வருஷமாக அந்த மனுஷர் உப்பை விட்டுப் பார்த்ததில்லை. நினைத்துவிட்டு மாவு பிசையப் போனாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"சரியான ஆட்டம்தான்" என்றாள். "உப்பை எடுத்திருந்தாதான் தோத்திருப்பாரு. ரொம்ப ஆழமாப் பார்த்திருக்காரு. புத்தி தெளிவாத்தான் இருந்திருக்கு."

இஷென்குல் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு பலகையை நடுவில் நகர்த்தினான்.

"அப்போ ஆடிக் காட்டுங்க. நீங்க அண்ணன் பக்கம்."

மாட்டிக்கொண்டாள். ஒளித்துவைக்க இடமில்லாத ஆட்டத்தில் பொய் சொன்னால் ஆடித்தான் காட்ட வேண்டும். எட்டாங்குழிக் காய்களை அள்ளி, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனாள். இப்போது இஷென்குல் உப்பு எடுக்கலாம். அன்றைக்கு ஊரே கேட்கும்படி கத்தி எடுத்த குழி, அவன் கண்ணுக்கு நேராக இருந்தது.

அவன் அதை விட்டுவிட்டு ஓரக் குழியிலிருந்து ஒரே ஒரு காயைத் தள்ளினான்.

"என்ன ஆட்டம் இது?"

"சரியான ஆட்டம்தான், அண்ணி. நீங்க ஆடுங்க."

"அந்தக் குழி கண்ணுக்குத் தெரியலையா ஒனக்கு?"

"தெரியுது."

"அப்புறம் எதுக்கு வேணும்னே தோக்குற? எனக்கு விட்டுக்குடுக்க நீ யாரு?" குரல் உயர்ந்தது. முற்றத்தில் பாத்திரச் சத்தம் நின்று, மறுபடி கேட்டது.

இஷென்குல் பலகையைப் பார்த்தபடியே சொன்னான்: "அன்னைக்கு நீங்களும் மாவுக்கையோட வந்து எட்டிப் பாத்தீங்க. உங்க மூஞ்சி மாறினத நான் கவனிச்சேன். அண்ணனுக்கு ஜெயிக்கிற ஆட்டமாவே இருந்துட்டுப் போகட்டும். நம்ம ரெண்டு பேருக்கும் நல்லது."

தனக்காகக் கேட்க வந்தவன் இல்லை இவன், அல்லது தனக்காக வந்து பாதியில் மாறியவன். எதுவானாலும் புருலால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"பாத்தேன்" என்றாள். "தப்புன்னு தெரிஞ்சுது. என்ன ஆச்சு உங்களுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. போயி மாவு பெசஞ்சேன்."

"நானும் கேக்கல, அண்ணி."

"தள்ளின காயை எடு. ஒழுங்கா ஆடு."

"வேணாம்."

"ஆடுறா. அவரு தோக்கட்டும்."

அவன் காயைத் திரும்ப வைத்தான். பிறகு உப்புக்குழியை எடுத்தான்.

புருல் ஒவ்வொரு முறையும் எல்லாக் குழிகளையும் எண்ணிப் பார்த்து, இருப்பதிலேயே நல்லதை ஆடினாள். தப்பிக்க வழி எங்கும் இல்லை என்று தெரிந்தே தேடினாள். அவனும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசிக் காயும் அவனுடைய கொப்பரைக்குள் விழுந்தது. சபிர்குல் தோற்றார்.

"நீதான் ஜெயிச்ச" என்றாள்.

அவ்வளவு பெரிய மனிதன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, வயிறு குலுங்க, ஏங்கி ஏங்கி அழுதான். புருல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பொறாமையாக இருந்தது.