ஒளித்துகள் வந்த நாட்கள்

எங்கள் பெரம்பலூர் ஆய்வுக்கூடத்தில் ஒரு மீக்கடத்தி, அதாவது சூப்பர்கண்டக்டர் கம்பி இருக்கிறது. தலைமுடியை விடப் பல நூறு மடங்கு மெல்லியது. ஹீலியத்தால் குளிரவைத்துவிட்டால், ஒற்றை ஒளித்துகள் பட்டாலே ஒரு ‘டிக்’. அதை எண்ணுவதுதான் மூன்று வருடமாக என் பிழைப்பு. லேசரிலிருந்து துகள்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடி இழையில் அனுப்புவேன். அவை சிறுவாச்சூர் வரை போய்த் திரும்ப வேண்டும். தொலையாமல் திரும்புகின்றன என்று ஆய்வேடு எழுதிக் கொடுத்துவிட்டேன். அது தேறினால் அரியலூர் கல்லூரியில் வேலை. தேறாவிட்டால் முப்பத்து நான்கு வயதில் நடுத்தெரு.

அளவீட்டைத் திங்களும் வெள்ளியும், இருட்டியதும் எடுப்பேன். சிறுவாச்சூர் காளி கோயில் திறக்கும் நாட்கள் அவை. “அவ கண்ணு தொறந்திருக்கற நாள்ல செய்டி” என்றாள் அம்மா. இயற்பியல் படித்த நானும் தலையாட்டினேன். முதல் வெள்ளியே எண்ணிக்கை கொட்டியது. அப்புறம் யார் நாளை மாற்றுவார்கள்? லேசரை அணைத்துவிட்டு வெற்று எண்ணிக்கை, அதாவது ஒளியே இல்லாமல் கருவி தானாகப் போடும் சில டிக்குகளைப் பார்ப்பதை மட்டும் புதன்கிழமைக்குத் தள்ளினேன். நல்ல நாளை அதற்குப் போய் வீணாக்குவானேன்!

இந்தத் திங்கட்கிழமை ஆய்வேட்டுத் தேர்வாளரின் கடிதம் வந்தது. ஏழு நாளும் அளந்து அனுப்பச் சொல்லியிருந்தார். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் லேசர் எரிந்தும் வெற்று எண்ணிக்கைதான். கருவி கெட்டுவிட்டதென்று நானும் டெக்னீஷியன் தர்மனும் மண்டையை உடைத்துக்கொண்டோம். வெள்ளி மாலை தானாகச் சரியாகிவிட்டது. தர்மன் கையெடுத்துக் கும்பிட்டார். கோயில் நாளில் மட்டும் துகள் வருவது எனக்கு உறுத்தியது.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கேபிள் போகும் வழியே போனேன். சிறுவாச்சூரில் சாலையோர இணைப்புப் பெட்டிக்குக் கதவே இல்லை. உள்ளே உறை உரிந்து, அறுந்து கிடக்கும் இழை. அதற்கு ஒரு முழம் மேலே, ஒரு பூக்கடையின் டியூப்லைட்.

“கடை தெனமும் உண்டாங்க?” என்று பூக்கார அம்மாளிடம் கேட்டேன்.

“கோயில் தொறக்கற ரெண்டு நாளுதாம்மா.”

தர்மனுக்குப் போன் போட்டு எண்ணிக்கையை வாசிக்கச் சொன்னேன். அந்த அம்மாளிடம் ஒரே ஒரு நிமிஷம் விளக்கை அணைக்கச் சொன்னேன்.

“மேடம், விழுந்துடுச்சு” என்றார் தர்மன். “லேசர் எரிஞ்சும் வெத்து எண்ணிக்கதான் காட்டுது.”

என் துகள் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. மூன்று வருடமாகப் பூக்கடை வெளிச்சத்தை எண்ணியிருக்கிறேன். அழுகை வரவில்லை, அவமானம்தான் வந்தது.

“யாவார நேரம் தாயி, போட்டுக்கட்டுமா?”

“போடுங்க.”

டியூப்லைட் இரண்டு முறை சிமிட்டிவிட்டு எரிந்தது.

“வந்துடுச்சு மேடம்!” போனில் தர்மன் சந்தோஷத்தில் கத்தினார். “நாலாயிரத்தத் தாண்டிடுச்சு! பொழச்சுட்டோம் மேடம். என்ன பண்ணீங்க?”